லாயலிஸ்ட் அகதிக் குடும்பத்தின் தடத்தைத் தேடுவது எப்படி? நிலத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

டொராண்டோவிலிருந்து கிங்ஸ்டன் பக்கம் ஏரிக்கரை வழியாகப் போனவர்கள் 33ஆம் எண் நெடுஞ்சாலையில் ‘லாயலிஸ்ட் பார்க்வே’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டிஷ் அரசர் பக்கம் நின்று, தோற்று, வீடுவாசலை விட்டு வந்த லாயலிஸ்டுகள் 1784இல் இறங்கிய கரை அது. பிள்ளைகளின் பள்ளிப் புராஜெக்ட்டுக்காகவோ, சம்பந்தி வீட்டு வம்சாவளிக்காகவோ, தான் குடியிருக்கும் ஊரின் கதையை அறியும் ஆசையிலோ இந்த அகதிகளைத் தேடத் தொடங்கும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அவர்களில் பெரும்பாலானோர் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். புரட்சியிலிருந்து தொடங்கி முன்னோக்கி வருகிறார்கள். அதுவும் ஒரே ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டுமே பலன் தராது. அகதியாக வந்தவர் பழைய ஊரில் விட்ட தடம் பாதி அழிந்திருக்கும். புது ஊரில் நிலம் கேட்டு அவர் கொடுத்த மனு பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். அதனால் நிலத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். தனி ஆளை விட்டுவிட்டு, அவர் எந்தக் கூட்டத்தோடு வந்தார் என்று பாருங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு அல்லது எக்செல் தாள். அதில் ஐந்து பத்திகள்: தேதி, ஊர், ஆவணம், அதில் உள்ள பெயரின் எழுத்து, உடன் வரும் மற்றவர்களின் பெயர்கள். கடைசிப் பத்திதான் முக்கியம். சாட்சி போட்டவர், பக்கத்து நிலத்துக்காரர், ஞானத்தாய், ஞானத்தந்தை என்று யார் வந்தாலும் அதில் எழுதுங்கள். ஏன் என்பது ஏழாம் படியில் விளங்கும்.

கனடாவின் தேசிய ஆவணக் காப்பகமான லைப்ரரி அண்ட் ஆர்கைவ்ஸ் கனடா, அதன் மைக்ரோஃபிலிம்களை வைத்திருக்கும் ஹெரிட்டேஜ் கனடியானா, ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளம் மூன்றும் இலவசம். ஆன்செஸ்ட்ரி என்ற இன்னொரு வம்சாவளித் தளத்துக்குக் கட்டணம் உண்டு; ஆனால் பல பொது நூலகங்களில் உறுப்பினர் அட்டை இருந்தால் அதையும் இலவசமாகப் பார்க்கலாம். முதலிலேயே சந்தா கட்டிவிடாதீர்கள்.

கையெழுத்துப் பழக்கமும் வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டு ‘எஸ்’ சேர்ந்து வந்தால் முதலாவது ‘எஃப்’ போலத் தெரியும். ‘ஜெஸப்’ என்ற பெயரை, பெயர்ச் சுட்டி (இண்டெக்ஸ்) தயாரித்தவர் ‘ஜெஃப்சப்’ என்று ஏற்றியிருப்பார். ‘ஜே-என்-ஓ’ என்று சுருக்கியிருந்தால் ஜான். ‘ஜே-ஏ-எஸ்’ என்றால் ஜேம்ஸ். இதைத் தெரிந்துகொள்ளாமல் தேடினால் இருக்கிற ஆளும் இல்லை என்றே வரும்.

2. நீங்கள் தேடும் ஆள் உண்மையில் லாயலிஸ்ட்தானா என்று முதலில் பாருங்கள்

1780, 90களில் கனடாவுக்கு வந்த எல்லோரும் அகதிகள் இல்லை. பிரிட்டிஷ் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு அங்கேயே தங்கிய சிப்பாய்கள் உண்டு. பிரிட்டன் கூலிக்கு அழைத்து வந்த ஜெர்மானியத் துருப்புகளில் ஊர் திரும்பாமல் நின்றவர்கள் உண்டு. நியூயார்க்கில் தலைமுறைகளாக விவசாயம் செய்த பாலட்டைன் ஜெர்மானியர்கள் வேறு. பெயர் ஜெர்மன் மாதிரி இருக்கிறது என்பதை வைத்து இந்த இரு கூட்டத்தையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் தேட வேண்டிய கண்டமே மாறிப்போகும்.

இன்னொரு கூட்டம், ‘லேட் லாயலிஸ்ட்’ என்று அழைக்கப்படுபவர்கள். 1792இல் ஆளுநர் சிம்கோ நிலம் தருவதாக அறிவித்த பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் இவர்கள். போரில் இழந்தது எதுவும் இல்லாவிட்டாலும் நிலம் கிடைத்தது. இவர்களுக்காக இழப்பீட்டு மனுவைத் தேடி மாதக்கணக்கில் உட்காராதீர்கள்.

3. தெரிந்த தலைமுறையிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்குங்கள்

1850களின் மக்கள்தொகைக் கணக்கு, திருமணப் பதிவு, உயில், கல்லறை எழுத்து என்று இறங்கி 1800 வரை வாருங்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் “இவர் இன்னாரின் பிள்ளை” என்று சொல்லும் தாள் ஒன்றாவது வேண்டும். ஒரே டவுன்ஷிப்பில் (ஊர் நிர்வாகப் பிரிவில்) ஒரே பெயரில் அப்பா, மகன், சித்தப்பா மகன் என்று மூன்று பேர் இருப்பது சர்வ சாதாரணம். இடையில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அப்புறம் கட்டுவதெல்லாம் வேறு குடும்பத்தின் கதை.

இணையத்தில் யாரோ ஏற்றிய வம்சாவளி மரத்தைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரமாக எடுக்காதீர்கள்.

4. ஊர்ப் பெயரை அந்தக் கால வரைபடத்தில் வையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அதனால் படும் அவதியும் அதிகம்.

செயின்ட் ஜான் என்று ஒரு தாளில் இருந்தால் குறைந்தது நான்கு இடங்களில் ஒன்றாக இருக்கலாம்: நியூ பிரன்ஸ்விக்கின் துறைமுக நகரம், நியூஃபவுண்ட்லாந்தின் தலைநகரம், மொன்றியாலுக்குத் தெற்கே ரிஷிலியூ ஆற்றங்கரைக் கோட்டை, கிழக்கு ஃபுளோரிடாவின் ஆறு. நான்காவதிலும் லாயலிஸ்டுகள் இருந்தார்கள்; 1783 ஒப்பந்தத்தில் ஃபுளோரிடா ஸ்பெயினுக்குப் போனதும் மறுபடி கப்பலேறிப் பலர் பஹாமாஸுக்குப் போனார்கள். லூனன்பர்க் என்றால் நோவா ஸ்கோஷியாவிலும் உண்டு. 1788இல் இன்றைய கிழக்கு ஒன்டாரியோவில் அமைத்த மாவட்டத்துக்கும் அதே பெயர்தான்.

எல்லைகளும் மாறின. நியூ பிரன்ஸ்விக் தனி மாகாணமானது 1784இல். அதற்கு முந்தைய தாள்கள் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும். ஒன்டாரியோ 1791 வரை கியூபெக்கின் பகுதி. அமெரிக்கப் பக்கமும் அப்படித்தான். அரச ஆளுநரின் பெயர் தாங்கிய ட்ரையன் கவுண்டியை நியூயார்க் 1784இல் மாண்ட்கோமெரி என்று மாற்றியது. ஷார்லட் கவுண்டி வாஷிங்டன் ஆனது. மனுதாரர் பழைய பெயரையே சொல்வார். நீங்கள் புதுப் பெயரில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஆண்டில் அது எந்த மாகாணம், எந்த மாவட்டம் என்று எழுதிய பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

5. நில மனுவை எடுங்கள்

ஒன்டாரியோ என்றால் ‘அப்பர் கனடா நில மனுக்கள்’; அப்பர் கனடா என்பது ஒன்டாரியோவின் அன்றைய பெயர். தேசியக் காப்பகத்தில் ஆர்.ஜி. 1, எல் 3 என்ற வரிசை. பெயர்ச் சுட்டி ஆன்லைனில் இருக்கிறது. அது தரும் தொகுதி எண், கட்டு எண், மனு எண் மூன்றையும் குறித்துக்கொண்டு மைக்ரோஃபிலிமில் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும். நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா மாகாணக் காப்பகங்களும் தங்கள் நில மனுக்களுக்குச் சுட்டி வைத்திருக்கின்றன.

சுட்டியோடு நிறுத்திவிடாதீர்கள். மனுவில்தான் விஷயம் இருக்கிறது: எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எந்த ஆண்டு வந்தார், மனைவி மக்கள் எத்தனை பேர். மனுவின் பின்பக்கத்தையும் கட்டாயம் பாருங்கள். நிர்வாக சபை என்ன முடிவு செய்தது, எத்தனை ஏக்கர், கட்டணம் உண்டா இல்லையா என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். முன்பக்கத்தை மட்டும் பதிவிறக்கிக்கொண்டு, ‘கிடைத்ததா இல்லையா’ என்று தெரியாமல் தவிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பிள்ளைகளின் மனு பெற்றோரின் மனுவைவிடப் பல நேரம் அதிகம் சொல்லும். லாயலிஸ்டின் மகனுக்கு 21 வயதிலும், மகளுக்கு 21 வயதிலோ திருமணத்தின் போதோ 200 ஏக்கர் என்று 1789 நவம்பர் 9 அன்று ஆளுநர் டார்செஸ்டர் பிரபு தலைமையில் கியூபெக் சபை முடிவு செய்தது. அதற்காக மகள் மனுப் போடும்போது, “இன்ன டவுன்ஷிப்பைச் சேர்ந்த இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி” என்று எழுதுவாள். மூன்று குடும்பச் செய்திகள் ஒரே வரியில் கிடைத்துவிடும். ஆனால் அவள் மனு கணவன் வீட்டுப் பெயரில் இருக்கும். அப்பாவின் பெயரில் தேடினால் வராது. மருமகன்களின் பெயர்களைத் திரட்டிக்கொண்டு தேடுங்கள்.

மனுத் தேதியை வைத்து மகளின் பிறந்த ஆண்டைக் கணக்கிட வேண்டாம். 21 ஆன அன்றே யாரும் மனுப் போடவில்லை. நாற்பது வயதில் போட்டவர்களும் உண்டு.

இன்னொரு பெரிய பிழை, பட்டா தேதியை வந்த தேதியாக எடுத்துக்கொள்வது. 1784இல் வந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது இடம் காட்டும் சீட்டு மட்டுமே. அப்பர் கனடாவில் பட்டா வழங்குவது 1790களின் நடுவில்தான் தொடங்கியது. பட்டாவில் 1802 என்று இருந்தால் அவர் 1802இல் வந்தார் என்று அர்த்தமில்லை. இடையில் அந்தச் சீட்டு கைமாறியிருக்கலாம். அப்படிக் கைமாறிய வழக்குகளைத் தீர்க்கத்தான் 1797 முதல் ‘ஏர் அண்ட் டெவைஸி கமிஷன்’ என்ற வாரிசுரிமை ஆணையம் இருந்தது. அதன் தாள்களும் மைக்ரோஃபிலிமில் உண்டு. பட்டா வந்த பிறகு நடந்த விற்பனை, அடமானம், உயில் எல்லாவற்றையும் ஒன்டாரியோ நிலப் பதிவகத்தின் சுருக்கப் பதிவேடு ஒவ்வொரு லாட்டுக்கும் வரிசையாகக் காட்டும். நம்மூர் வில்லங்கச் சான்றிதழ் பார்த்துப் பழகியவர்களுக்கு அது உடனே பிடிபட்டுவிடும்.

6. யு.இ. பட்டியலைச் சரிபாருங்கள்

யுனைடெட் எம்பயர் என்பதன் சுருக்கம்தான் யு.இ. லாயலிஸ்ட் என்று அரசு ஏற்றுக்கொண்டவர்களின் பெயர்ப் பட்டியல் அது. அதுவும் ஒன்று அல்ல, இரண்டு: நிர்வாக சபை வைத்திருந்தது ஒன்று, அரசு நிலத்துறை வைத்திருந்தது ஒன்று. இரண்டும் எல்லாப் பெயரிலும் ஒத்துப்போகாது. ஒன்றில் இல்லை என்பதால் ஆளைக் கைவிட்டுவிடாதீர்கள்.

பெயருக்குப் பக்கத்தில் உள்ள சுருக்கெழுத்துகளைக் கவனியுங்கள். ‘பி.எல்.என்.ஜே. 1786’ என்றால் நியூ ஜான்ஸ்டவுனில், அதாவது இன்றைய கார்ன்வாலில், 1786இல் ரேஷன் வாங்கியவர் பட்டியலில் இருந்தார் என்று பொருள். அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை அந்தக் குறிப்பே காட்டிவிடுகிறது. ‘நீக்கப்பட்டது’, ‘மீண்டும் சேர்க்கப்பட்டது’ என்ற குறிப்பு இருந்தால் அதன் பின்னால் ஒரு மனு இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அதையும் தேடுங்கள்.

7. ரேஷன் பட்டியலிலும் படைப் பட்டியலிலும் கூட்டத்தைப் பிடியுங்கள்

போர் நடந்த காலத்திலேயே கியூபெக்குக்கு வந்துவிட்ட குடும்பங்கள் யமாஷீஷ், சோரெல், செயின்ட் ஜான்ஸ் கோட்டை போன்ற முகாம்களில் அரசு ரேஷனில் இருந்தார்கள். அந்தப் பட்டியல்கள் ஆளுநர் ஹால்டிமண்டின் தாள்களில் இருக்கின்றன. மூலம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், மைக்ரோஃபிலிம் கனடாவில். குடும்பத் தலைவரின் பெயர், ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, பிள்ளைகள் இத்தனை என்று மட்டும் இருக்கும். பிள்ளைகளைப் பிரிக்கும் வயது வரம்பு பட்டியலுக்குப் பட்டியல் மாறும். தலைப்பைப் படித்துவிட்டு எண்களை எடுங்கள்.

படைப்பிரிவு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சர் ஜான் ஜான்சனின் நியூயார்க் அரச ரெஜிமென்ட் பெரும்பாலும் செயின்ட் லாரன்ஸ் கரையில் குடியமர்ந்தது. ஜான் பட்லரின் ரேஞ்சர்கள் நயாகராவில். ஜெஸப்பின் லாயல் ரேஞ்சர்கள் இன்றைய பிராக்வில் சுற்றுவட்டாரத்தில். நியூ ஜெர்சி வாலண்டியர்ஸ், டி லான்சி பிரிகேட் போன்றவை நியூ பிரன்ஸ்விக்கின் செயின்ட் ஜான் ஆற்றோரம். படை கலைந்தபோது கம்பெனி கம்பெனியாகத்தான் நிலம் பிரித்தார்கள். ஆகவே பக்கத்து நிலத்துக்காரர் பெரும்பாலும் ஒரே படையில் இருந்தவர். பல நேரம் பழைய ஊரிலும் அவர்தான் அண்டைவீட்டுக்காரர்.

உங்கள் நோட்டின் ஐந்தாம் பத்தி இங்கே கைகொடுக்கும். ஜான் ஸ்மித் என்ற பெயரில் நூறு பேர் கிடைப்பார்கள். ஆனால் உங்கள் ஜான் ஸ்மித்தின் மனுவில் சாட்சியாக வந்த இருவரும், அவர் நிலத்துக்கு வடக்கே இருந்தவரும் ஒரே கம்பெனிப் பட்டியலில் சேர்ந்து நின்றால், அந்தப் பட்டியலில் உள்ள ஜான் ஸ்மித்தான் பெரும்பாலும் உங்கள் ஆள். அரிதான பெயர் கொண்ட அண்டைவீட்டுக்காரரைத் தேடுங்கள். பொதுப் பெயர் கொண்டவர் கூடவே கிடைப்பார்.

கடல் வழியாக வந்தவர்களுக்குப் படையோடு கப்பலையும் பாருங்கள். 1783 மே 18 அன்று செயின்ட் ஜானில் இறங்கிய வசந்தகாலக் கப்பல் கூட்டத்தில் வந்தவரா, இலையுதிர் காலத்தில் வந்தவரா என்பது அவருக்கு எந்த நிலம் கிடைத்தது என்பதையே மாற்றியது. அங்கே படைப் பட்டியல்களுக்கு, படை ஆட்கணக்கு எடுத்த அதிகாரி வார்ட் சிப்மனின் தாள்கள்தான் முதல் இடம். அவையும் தேசியக் காப்பகத்தில் உள்ளன.

8. இழப்பீட்டு மனு: பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம்

1783இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் லாயலிஸ்டுகளின் இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைத்தது. அதன் தாள்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.ஓ. 12, ஏ.ஓ. 13 என்ற இரு வரிசைகளாக இருக்கின்றன. ஏ.ஓ. 12 தைத்த புத்தகங்கள். விசாரணையின் நகல், தீர்ப்பு. ஏ.ஓ. 13 கட்டுக்கட்டாக மூலத் தாள்கள். மனு, பத்திரம், கடிதம், சொத்துப் பட்டியல். இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்றில் கிடைத்ததும் நிறுத்திவிடுகிறார்கள். மனைவியின் கடிதமோ பழைய குத்தகைப் பத்திரமோ ஏ.ஓ. 13 கட்டில்தான் கிடக்கும்.

கனடாவில் இருந்தவர்களை விசாரிக்கத் தாமஸ் டண்டஸ், ஜெரமி பெம்பர்ட்டன் என்ற இரு ஆணையர்கள் நேரில் வந்தார்கள். 1785 முதல் 1788 வரை ஹாலிஃபாக்ஸ், செயின்ட் ஜான், கியூபெக், மொன்றியால் என்று உட்கார்ந்து கேட்டார்கள். அவர்களுடைய குறிப்பேடுகளை ஒன்டாரியோ ஆவணக் காப்பகம் தன் 1904ஆம் ஆண்டு அறிக்கையில் அச்சிட்டிருக்கிறது. அச்சில் இருப்பதால் முதலில் அதில் தேடுங்கள். பிறகு கையெழுத்துப் பிரதிக்குப் போங்கள்.

ஒரு சாட்சியம் எப்படிப் போகும் என்று பாருங்கள். முதலில், 1783 இலையுதிர் காலத்தில் தான் எங்கே இருந்தேன் என்று சொல்வார். பிறகு, எங்கே பிறந்தார், எந்த ஆண்டு அமெரிக்கா வந்தார், போர் தொடங்கியபோது எந்த ஊர், எந்த ஆண்டு படையில் சேர்ந்தார். அடுத்து நிலம்: எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, அதில் எவ்வளவு திருத்தியது, யாரிடமிருந்து வாங்கியது. அப்புறம் வீடு, களஞ்சியம், குதிரை, பசு, செம்மறி, பன்றி, ஏர், தட்டுமுட்டுச் சாமான், அறுவடை ஆகாத கோதுமை. முடிவில் சாட்சி: “இவரை எனக்குத் தெரியும், பக்கத்தில் குடியிருந்தேன், அந்த வீட்டைக் கிளர்ச்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.” நாற்பது வயது விவசாயி ஒருவர் ஆணையர்கள் முன் நின்று தன் பசுக்களை எண்ணிச் சொல்வதைப் படிக்கும்போது, அகதி என்ற சொல் வெறும் சொல்லாக இருக்காது. நம்மவர்களில் பலருக்கு அந்தப் பட்டியலின் கனம் தெரியும்.

முதல் வரியைச் சம்பிரதாயம் என்று தாண்டாதீர்கள். முதல் சட்டப்படி 1784 மார்ச் 25க்குள் மனுப் போட்டிருக்க வேண்டும். காட்டோரத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தியே எட்டவில்லை. தாமதத்துக்குக் காரணம் சொல்லத்தான் அந்த வரி. அதனால் நமக்குக் கிடைப்பது, அந்த ஆண்டு குளிருக்கு முன் அந்தக் குடும்பம் எங்கே இருந்தது என்பதற்கு அவர் வாயாலேயே வந்த சாட்சி. ஏழாம் படியின் ரேஷன் பட்டியலோடு அதைப் பொருத்துங்கள்.

தொகையை அப்படியே ஒப்பிடாதீர்கள். நியூயார்க் நாணயக் கணக்கில் ஒரு ஸ்பானிய டாலருக்கு 8 ஷில்லிங். ஸ்டெர்லிங்கில் 4 ஷில்லிங் 6 பென்ஸ். 100 பவுண்டு ஸ்டெர்லிங் என்பது நியூயார்க் கணக்கில் கிட்டத்தட்ட 178 பவுண்டு. ஹாலிஃபாக்ஸ் கணக்கு வேறு. எந்தக் கணக்கு என்று தாளிலேயே குறித்திருப்பார்கள்; அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மனு கிடைக்காவிட்டாலும் சோர வேண்டாம். குத்தகைக்காரர்கள், ஏழைகள், வழிச்செலவுக்கு வழியில்லாதவர்கள் பலர் மனுவே போடவில்லை. அவர்கள் பெயர் வேறொருவர் மனுவில் சாட்சியாக இருக்கலாம். அண்டைவீட்டுக்காரர் மனுக்கள் எல்லாவற்றையும் படியுங்கள்.

9. எல்லைக்கு அப்பால் போங்கள்

இப்போது பழைய ஊர் தெரியும். அமெரிக்க மாநிலக் காப்பகங்களில் சொத்துப் பறிமுதல் தாள்கள், பறித்த நிலத்தை ஏலம் எடுத்தவர் பட்டியல், வரிப் பட்டியல், தேவாலயப் பதிவேடு ஆகியவற்றைப் பாருங்கள். நியூயார்க்கின் 1779 அக்டோபர் 22 பறிமுதல் சட்டத்தில் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 59 பேர்தான், பெருந்தலைகள். சாதாரண விவசாயி அதில் இருக்க மாட்டார். பறிமுதல் ஆணையர்களின் தாள்களில் இருப்பார். மோஹாக் பள்ளத்தாக்கு, ஸ்கோஹாரி பகுதி ஜெர்மானியர்களுக்கு லூத்தரன், டச்சு சீர்திருத்தத் தேவாலயப் பதிவேடுகள்தான் கைகொடுக்கும்.

10. கறுப்பினத்தவருக்கும் மோஹாக் மக்களுக்கும் வழி வேறு

மேலே சொன்ன வரிசையை இவர்களுக்கு அப்படியே போட்டால் ஒன்றும் கிடைக்காது. பிறகு “ஆவணமே இல்லை” என்று எழுதிவிடுகிறார்கள். அது அநியாயம்.

பிரிட்டிஷ் பக்கம் வந்தால் விடுதலை என்ற அறிவிப்பை நம்பி வந்தவர்களில் சுமார் 3,000 பேரின் பெயர் 1783இல் நியூயார்க் துறைமுகத்தில் எழுதிய ‘புக் ஆஃப் நீக்ரோஸ்’ பதிவேட்டில் இருக்கிறது. கப்பல், போகும் இடம், பெயர், வயது, தோற்றம், முன்பு யாருடைய அடிமை, எப்போது விட்டு வந்தார் என்று பத்திகள். பாஸ்டன் கிங் என்பவரைப் பாருங்கள்: லபாண்டான்ஸ் கப்பல், போர்ட் ரோஸ்வே (நோவா ஸ்கோஷியாவின் இன்றைய ஷெல்பர்ன்), வயது 23, மனைவி வயலட் உடன். கடைசியில் ‘ஜி.பி.சி.’ என்று இருந்தால் பிரிட்டிஷ் ஜெனரல் பர்ச் கொடுத்த விடுதலைச் சான்று அவரிடம் இருந்தது.

அங்கிருந்து ஷெல்பர்ன் பக்கத்துப் பர்ச்டவுனின் 1784 பட்டியல், பிறகு 1792 ஜனவரியில் ஹாலிஃபாக்ஸிலிருந்து 15 கப்பல்களில் சியரா லியோனுக்குப் போன ஏறக்குறைய 1,200 பேரின் தாள்கள் என்று தொடருங்கள். நோவா ஸ்கோஷியாவில் ஒருவர் திடீரெனக் காணாமல் போனால் இறந்துவிட்டார் என்று எழுதுமுன் சியரா லியோனின் ஃப்ரீடவுனைப் பாருங்கள். பின்னோக்கிப் போக, பழைய எஜமானின் பெயர்தான் சாவி: அவருடைய உயிலிலும் சொத்துப் பட்டியலிலும் அடிமைகளின் பெயர்கள் இருக்கும்.

வெள்ளை லாயலிஸ்டுகளின் பட்டியலில் ‘வேலைக்காரர்’ என்று வருபவர்கள் பல இடங்களில் அவர்கள் கூட்டிவந்த அடிமைகள். அந்த எண்ணையும் தவறாமல் குறியுங்கள்.

மோஹாக் பூர்வகுடி மக்களுக்கும், ‘ஆறு தேசங்கள்’ என்ற அவர்களுடைய கூட்டமைப்பின் மற்ற மக்களுக்கும் நிலம் தனித்தனியாகக் கிடைக்கவில்லை. ஜோசப் பிரான்ட் தலைமையில் வந்தவர்களுக்கு 1784 அக்டோபர் 25 ஹால்டிமண்ட் அறிவிப்பின்படி கிராண்ட் ஆற்றின் இருபுறமும் ஆறாறு மைல் நிலம் சமூகத்துக்குப் பொதுவாகத் தரப்பட்டது. ஆகவே தனி நில மனுவைத் தேடாமல் கனடா தேசியக் காப்பகத்தில் பூர்வகுடி விவகாரங்களுக்கான ஆர்.ஜி. 10 வரிசையில் தொடங்குங்கள்.

11. கோப்பைக் கட்டும்போது

ஒவ்வொரு ஆவணத்துக்கும் காப்பகம், வரிசை, தொகுதி, பக்கம் எழுதுங்கள். படத்தை மட்டும் சேமித்தால் ஆறு மாதத்துக்குப் பிறகு அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாது.

இரண்டு தாள்கள் முரண்பட்டால் ஒன்றை மறைக்காதீர்கள். இரண்டையும் எழுதி, எது நிகழ்ச்சிக்கு அருகில் எழுதப்பட்டது, எதை எழுதியவருக்கு ஆதாயம் இருந்தது என்று சொல்லுங்கள். நிலம் கேட்பவர் சேவைக்காலத்தைக் கூட்டிச் சொல்லலாம். ரேஷன் எழுதிய குமாஸ்தாவுக்கு அந்த அவசியம் இல்லை.

கனடாவின் யுனைடெட் எம்பயர் லாயலிஸ்ட் சங்கத்தில் வம்சாவளிச் சான்றிதழ் கேட்பதாக இருந்தால், லாயலிஸ்டிடமிருந்து விண்ணப்பதாரர் வரை ஒவ்வொரு கண்ணிக்கும் ஆதாரம் வேண்டும். அதிகமாகத் திரும்பி வருவது 1800க்கும் 1850க்கும் இடைப்பட்ட கண்ணிதான். அரசுப் பிறப்புப் பதிவு இல்லாத காலம் அது. அதற்கு உயிலையும் மகள்களின் நில மனுவையும் முன்கூட்டியே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.